வௌவால் யாருக்குச் சொந்தம்?

எங்கள் பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு பெரிய மருதமரம் உண்டு. பகல் முழுவதும் அதில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். எட்டாம் வகுப்பு சன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். பாலூட்டிகள் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒருநாள், சன்னலோரம் இருந்த மாணவி எழுந்து கேட்டாள்.

"டீச்சர், இதோட மூஞ்சி நாய் மாதிரி இருக்கு. றெக்கை பறவை மாதிரி இருக்கு. ஆனா றெக்கைக்குள்ள நம்மள மாதிரி விரல் இருக்கு. அப்போ இது யாருக்குச் சொந்தம்?"

நான் தயங்காமல் பதில் சொன்னேன். "குரங்குக்குச் சொந்தம். அப்படின்னா நமக்கும் தூரத்துச் சொந்தம்."

வகுப்பே சிரித்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. முதுகலை விலங்கியல் படித்த காலத்தில், 1989 வாக்கில், வகுப்பில் கேட்ட செய்தி அது. பழந்தின்னி வௌவாலின் மூளை குரங்கின் மூளையை ஒத்திருப்பதாக ஆஸ்திரேலியாவில் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார் என்று பேராசிரியர் சொன்னார். பணியில் சேர்ந்தபின் ஆண்டுதோறும் அதை என் மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன்.

அந்த மாணவி பத்தாம் வகுப்பில் ஒரு வினாடி வினாப் போட்டிக்குப் போனாள். "பரிணாம உறவில் வௌவாலுக்கு மிக நெருங்கியது எது? எலி, குரங்கு, முயல், குதிரை" என்பது கேள்வி. அவள் உறுதியாகக் "குரங்கு" என்று சொல்லியிருக்கிறாள். தவறு என்று சொல்லிவிட்டார்கள். ஒரே கேள்வியில் அணி இரண்டாம் சுற்றுக்குப் போகாமல் திரும்பியது. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கழித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோதுதான் கேட்டாள்: "டீச்சர், நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். நீங்க சொன்னது தப்பா, அவங்க சொன்னது தப்பா?"

எனக்கு விடை தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதை, நம் வகுப்பறைகளுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பழைய கேள்விதான்

வௌவாலை எங்கே வைப்பது என்ற குழப்பம் பெரிய அறிஞர்களுக்கும் இருந்தது. உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையைத் தந்த லின்னேயஸ், 1758-இல் வெளிவந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில் மனிதன், குரங்கு, லெமூர் ஆகியவற்றோடு வௌவாலையும் முதனிகள் (பிரைமேட்டுகள்) வரிசையில்தான் வைத்தார். ஜெர்மன் மொழியில் வௌவாலின் பெயருக்குச் 'சிறகடிக்கும் எலி' என்பது பொருள். பிரெஞ்சு மொழியில் 'மொட்டை எலி'. பொதுமக்கள் கண்ணுக்கு எலி, லின்னேயஸ் கண்ணுக்குக் குரங்கின் உறவு.

பின்னாளில் வௌவால்களுக்குத் தனி வரிசை கொடுக்கப்பட்டது. கைரோப்டீரா என்ற அந்தப் பெயருக்குக் 'கைச்சிறகிகள்' என்று பொருள். ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் முதனிகள், மர மூஞ்சூறுகள், தென்கிழக்காசியாவில் மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும் கொலுகோக்கள், வௌவால்கள் ஆகிய நான்கையும் ஒரே பெருங்குழுவில் வைக்கும் வழக்கம் இருந்தது. ஆகவே என் பேராசிரியர் சொன்னது அந்தக் காலத்தில் விசித்திரமான செய்தியல்ல.

வாவலும் துரிஞ்சிலும்

உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால்தான். இவற்றை இரண்டாகப் பிரிப்பது நீண்டகால வழக்கம். பழமும் பூந்தேனும் உண்ணும் பெருவௌவால்கள் ஒரு பக்கம். பெரும்பாலும் பூச்சிகளைப் பிடித்துண்ணும் சிறுவௌவால்கள் மறுபக்கம். நம் ஊர்ப்பக்கங்களில் பெரியதை வாவல் என்றும் சிறியதைத் துரிஞ்சில் என்றும் சொல்வதும் ஏறக்குறைய இதே பிரிவினைதான்.

இரண்டின் வாழ்க்கையும் வேறு. துரிஞ்சில் குரல்வளையிலிருந்து மீயொலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு இருட்டில் வழியையும் இரையையும் அறியும். அதன் கண் சிறியது, காது பெரியது. வாவலுக்குக் கண் பெரியது. மங்கிய ஒளியில் பார்த்தும், பழத்தின் மணத்தை முகர்ந்தும் உணவு தேடும். குரல்வளையால் மீயொலி எழுப்பி இடமறியும் திறன் அதற்கில்லை. ரூசெட்டஸ் என்ற ஒரு பேரினம் மட்டும் நாக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பிக் குகைக்குள் வழியறியும்.

வாழ்க்கை வேறுபட்டால் மூளையும் வேறுபடும். பத்தாம் வகுப்பில் நடுமூளையின் நான்கு சிறு மேடுகளைக் 'கார்போரா குவாட்ரிஜெமினா' என்று நடத்துகிறோம். பெயரைச் சொல்லி, பார்வைக்கும் கேட்டலுக்கும் உரியவை என்று ஒருவரியில் முடித்துவிடுகிறோம். அந்த நான்கில் மேல் இரண்டும் பார்வைக்கு, கீழ் இரண்டும் கேட்டலுக்கு. எதிரொலியை நம்பி வாழும் துரிஞ்சிலுக்குக் கீழ்மேடுகள் பெரிதாகப் புடைத்திருக்கும், மேல்மேடுகள் சிறுத்திருக்கும். வாவலுக்குப் பார்வைக்குரிய மேல்மேடுகளும், மணத்துக்குரிய முகர்வுக் குமிழ்களும் நன்கு வளர்ந்திருக்கும். ஒரு விலங்கு எந்தப் புலனை நம்பி வாழ்கிறது என்பதை அதன் மூளையைப் பார்த்தே சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் பாடத்தில் இல்லை.

நான்கு பிள்ளைகள், நான்கு சீட்டுகள்

எல்லா விவாதமும் தொடங்கியது அந்த மேல்மேட்டில்தான். கண்ணிலிருந்து அங்கே செல்லும் நரம்புப் பாதையை ஒரு சிறு விளையாட்டால் விளக்கலாம்.

இரண்டு மாணவர்களை முன்னால் நிறுத்துங்கள். அவர்கள் இடக்கண், வலக்கண். அவர்களுக்குப் பின்னால் இருவர் இடமேடு, வலமேடு. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இடப்புறக் காட்சி சிவப்புச் சீட்டு, வலப்புறக் காட்சி நீலச் சீட்டு. இரண்டு கண்களும் இரண்டு புறத்தையும் பார்ப்பதால் ஒவ்வொரு கண்ணிடமும் ஒரு சிவப்பு, ஒரு நீலம் கொடுங்கள்.

முதல் ஆட்டம் பூனை. வலக்கண் தன் இரண்டு சீட்டுகளையும் இடமேட்டிடம் கொடுக்க வேண்டும். இடக்கண் தன் இரண்டையும் வலமேட்டிடம் கொடுக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு மேடும் எதிர்ப்புறக் கண் பார்ப்பது முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளின் நடுமூளையில் அமைப்பு இதுதான்.

இரண்டாவது ஆட்டம் குரங்கு. இரண்டு கண்களும் தங்கள் சிவப்புச் சீட்டை வலமேட்டிடமும், நீலச் சீட்டை இடமேட்டிடமும் கொடுக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு மேட்டிடமும் ஒரே நிறச் சீட்டு இரண்டு இருக்கும். காட்சியின் ஒரு பாதியை மட்டுமே, ஆனால் இரண்டு கண்களின் வழியாகவும் அது பெறுகிறது.

பூனையின் பெருமூளைப் புறணியிலும் காட்சி இப்படி இரண்டாகப் பிரிந்துதான் செல்கிறது. ஆனால் நடுமூளை மேட்டிலேயே அந்தப் பிரிவினை இருப்பது முதனிகளில் மட்டும்தான் என்று 1980-களின் நடுப்பகுதிவரை கருதப்பட்டது.

பெட்டிக்ரூவின் கேள்வி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் டக்ளஸ் பெட்டிக்ரூ, விலங்குகளின் பார்வை நரம்பியலில் பெயர்பெற்ற ஆய்வாளர். அவர் 'பறக்கும் நரி' எனப்படும் டெரோபஸ் இனப் பழந்தின்னி வௌவால்களின் நடுமூளையை ஆராய்ந்தார். நம் ஊர் மருதமரத்தில் தொங்குவதும் அதே பேரினம்தான். நரம்பணுக்களின் மின்துடிப்புகளைப் பதிவுசெய்தும், நரம்பிழைகளின் வழியைத் தடம்பிடித்தும் பார்த்தபோது, சீட்டுகள் குரங்கின் முறையில் போவதைக் கண்டார். சிறுவௌவால்களில் அப்படி இல்லை.

1986-இல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார். தலைப்பு 'பறக்கும் முதனிகளா?' என்ற பொருளில், கேள்விக்குறியோடு இருந்தது. பெருவௌவால்கள் முதனிகளின் கிளையிலிருந்து வந்தவை, சிறுவௌவால்கள் வேறு கிளையிலிருந்து வந்தவை என்பது அவர் கருத்து. அது சரியென்றால் பாலூட்டிகளில் பறத்தல் ஒருமுறை அல்ல, இருமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும்.

அவர் வாதத்தின் வலிமையை நாம் மதிக்க வேண்டும். 'இரண்டு வௌவால்களுக்கும் சிறகு ஒன்றுபோல் இருக்கிறதே' என்று கேட்டால், அவர் பதில் இதுதான்: பறக்க வேண்டுமென்றால் கை இப்படித்தான் மாறியாக வேண்டும், எனவே தேவையின் காரணமாகச் சிறகு இரண்டு முறை ஒன்றுபோல் உருவாகியிருக்கலாம். மூளைக்குள் மறைந்திருக்கும் நரம்புப் பாதையோ வெளித்தேவைக்கு ஏற்ப எளிதில் மாறக்கூடியதல்ல. ஆகவே உறவைச் சொல்வதில் சிறகைவிட மூளையே நம்பத்தகுந்த சாட்சி.

இந்தக் கட்டம்வரைதான் என் கல்லூரிப் படிப்பு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தது. கதை மேலே போனது. நான் அதோடு போகவில்லை.

மற்ற சாட்சிகள்

முதல் எதிர்ப்பு உடற்கூறியலிலிருந்து வந்தது. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நான்சி சிம்மன்ஸ் உள்ளிட்டோர் வௌவால்களின் எலும்பு, தசை, கருச்சவ்வு எனப் பல பண்புகளை வரிசைப்படுத்தினர். இரண்டு வகை வௌவால்களிலும் கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கு விரல்கள் நீண்டு சிறகைத் தாங்குகின்றன. தோள்பட்டையிலும் சிறகின் முன்விளிம்பிலும் உள்ள தசைகள்கூட நுணுக்கமாக ஒத்துப்போகின்றன. பறப்பதற்கு இந்த ஒரே வழிதான் உண்டு என்றும் சொல்ல முடியாது. பறவையும், அழிந்துபோன டெரோசார்களும் கையை வேறுவேறு விதமாக மாற்றித்தான் பறந்தன. டெரோசாரின் சிறகை ஒரே ஒரு நீண்ட விரல் தாங்கியது. அப்படியிருக்க, இரண்டு வௌவால் கூட்டங்களும் தனித்தனியே இத்தனை விவரங்களிலும் ஒன்றாக வந்து சேர்ந்தன என்பது நம்பக் கடினம்.

இரண்டாவது எதிர்ப்பு மூளையிலிருந்தே வந்தது. 1991-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் எகிப்தியப் பழ வௌவாலான ரூசெட்டஸை ஆராய்ந்தனர். அதுவும் பெருவௌவால்தான். ஆனால் அதன் நடுமூளையில் சீட்டுகள் பூனையின் முறையில் போயின. பெருவௌவால்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குடும்ப அடையாளம் என்று கருதப்பட்டது, அந்தக் குடும்பத்துக்குள்ளேயே எல்லோரிடமும் இல்லை.

மூன்றாவது சாட்சி டி.என்.ஏ. 1992-இல் மோரிஸ் குட்மன் குழுவினர் எப்சிலான் குளோபின் என்ற ஜீனை ஒப்பிட்டனர். கருப்பருவத்து ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் ஜீன் அது. பெருவௌவாலும் சிறுவௌவாலும் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றன. முதனிகள் விலகி நின்றன. வேறு ஜீன்களை ஒப்பிட்டவர்களும் இதே முடிவுக்கு வந்தனர்.

பெட்டிக்ரூ எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் எழுப்பிய மறுப்பு கவனிக்கத்தக்கது. பறப்பதற்கு மிகுந்த ஆற்றல் தேவை. அதனால் வௌவால்களின் வளர்சிதை மாற்றம் வேகமானது. அந்த வேகத்தால் டி.என்.ஏ.வில் அடினைன்–தைமின் இணைகள் கூடியிருக்கலாம். இரண்டு வௌவால்களின் டி.என்.ஏ.வும் ஒத்திருப்பது உறவால் அல்ல, பறத்தலால் என்றார். நல்ல கேள்வி. நல்ல கேள்வி என்பதால் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அத்தகைய சார்பைக் கணக்கில் எடுத்துப் பகுத்தபோதும் வௌவால்கள் பிரியவில்லை.

எதிர்பாராத விடை

2000-ஆம் ஆண்டு எம்மா டீலிங் குழுவினர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு யாரும் எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. பெருவௌவால், சிறுவௌவால் என்ற பிரிவினையே பிழையாக இருந்தது. லாடமூக்கு வௌவால் போன்ற சில துரிஞ்சில்கள், மற்றத் துரிஞ்சில்களைவிடப் பழந்தின்னி வௌவாலுக்கே நெருங்கியவை. இன்று வௌவால்களை யின்டெரோகைரோப்டீரா, யாங்கோகைரோப்டீரா என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

இதை நம் ஊரை வைத்தே சொல்லலாம். கோயில் மண்டபத்தின் இருளில் தொங்கும் இலைமூக்கு வௌவாலும், தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிக்கும் பிபிஸ்ட்ரெல் வௌவாலும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இலைமூக்கு வௌவாலின் நெருங்கிய உறவு தெருவிளக்கில் இல்லை, மருதமரத்தில்தான் இருக்கிறது. தாய்லாந்தில் வாழும் இரண்டு கிராம் எடையுள்ள கிட்டியின் வௌவாலும், ஒரு கிலோவைத் தாண்டும் பறக்கும் நரிகளும் ஒரே பிரிவில் அடங்குகின்றன.

அடுத்த ஆண்டே, 2001-இல், பாலூட்டிகள் முழுமைக்குமான உறவுமரத்தை இரண்டு ஆய்வுக்குழுக்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்டன. மனிதன், குரங்கு, கொலுகோ, மர மூஞ்சூறு, எலி, முயல் ஆகியவை ஒரு பெருங்கிளையில் வந்தன. வௌவால் அங்கே இல்லை. நாய், பூனை, குதிரை, மாடு, திமிங்கலம், எறும்புதின்னி ஆகியவற்றோடு லாரேசியாதீரியா என்ற மற்றொரு பெருங்கிளையில் இருந்தது. அந்தக் கிளைக்குள் வௌவாலின் மிக அருகிலிருப்பது யார் என்பதில் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் கிளை மாறவில்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். எலிக்கு வௌவாலைவிட மனிதன் நெருங்கிய உறவு. வௌவாலுக்கு எலியைவிட மாடும் திமிங்கலமும் நெருங்கிய உறவு. எலி என்று சொன்ன பொதுமக்களும் சரியில்லை. குரங்கு என்று சொன்ன நானும் சரியில்லை. அந்த வினாடி வினாவில் சரியான விடை 'குதிரை'.

மூளை பொய் சொன்னதா?

பெட்டிக்ரூ கண்ட நரம்புப் பாதை கற்பனையல்ல. டெரோபஸ் வௌவாலில் அது இருக்கிறது. 2000-க்குப் பிறகும் தென்னாப்பிரிக்காவில் பால் மேங்கர் குழுவினர் பெருவௌவால், முதனி மூளைகளுக்கிடையே வேறுசில ஒற்றுமைகளைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கண்டது உண்மை. அதற்குக் கொடுத்த பொருள்தான் நிற்கவில்லை.

இதைக் குவிபரிணாமம் என்கிறோம். இரவில் கிளைகளுக்கிடையே தூரத்தைக் கணித்துப் பழத்தை எட்டிப் பிடிக்க வேண்டிய விலங்குக்கு, முன்னோக்கிய இரண்டு கண்களின் காட்சியையும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். ஒரே வகைத் தேவை இரண்டு வேறு கிளைகளில் ஒரே வகை அமைப்பை உருவாக்கியிருக்கிறது. சிறகு மட்டுமல்ல, மூளையும் தேவைக்கேற்ப வளையும்.

இதில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. இதே பெட்டிக்ரூ, மசகாசு கொனிஷியுடன் சேர்ந்து 1976-இல் கூகை ஆந்தையின் மூளையை ஆராய்ந்தவர். இரண்டு கண்களின் காட்சியில் உள்ள சிறு வேறுபாட்டை வைத்துத் தூரத்தை அறியும் நரம்பணுக்கள், பூனையிலும் குரங்கிலும் இருப்பதுபோல் ஆந்தையிலும் இருப்பதைக் கண்டறிந்தவர். ஆந்தையைப் பூனைக்கு உறவு என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. மூளையிலும் குவிபரிணாமம் நடக்கும் என்பதற்கு அவர் கையிலேயே சான்று இருந்தது. ஆனாலும் வௌவால் விஷயத்தில் மூளையின் சாட்சியத்தையே அவர் பெரிதாக நம்பினார். பெரிய அறிஞருக்கே அது நேரும் என்றால், ஒரு செய்தியை ஒருமுறை கேட்டுப் பல ஆண்டு சொல்லிவந்த எனக்கு நேர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அது சமாதானமும் ஆகாது.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளுக்கு ஆறு படங்கள் போதும்: வௌவால், குரங்கு, ஆந்தை, காகம், எலி, மாடு. முதலில் 'பறப்பவை' என்று பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு 'பால் கொடுப்பவை'. பிறகு 'இரண்டு கண்ணும் முன்னால் இருப்பவை'. ஒவ்வொரு முறையும் வௌவால் வேறு கூட்டத்துக்குப் போகும். கடைசிப் பிரிவில் ஆந்தையும் குரங்கும் சேர்ந்து வந்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். 'ஒரே ஒரு பண்பை வைத்துச் சொந்தம் சொல்லலாமா?' என்று அப்போது கேளுங்கள். விடையை அவர்களே சொல்வார்கள்.

உயர்நிலை வகுப்புகளுக்கு மேலே சொன்ன சீட்டு விளையாட்டோடு ஒரு சிறு வழக்காடலும் நடத்தலாம். ஒரு குழு பெட்டிக்ரூவின் பக்கம், மற்றொன்று எதிர்ப்பக்கம். சாட்சிகள் நான்கு: சிறகு, நரம்புப் பாதை, ரூசெட்டஸ், டி.என்.ஏ. ஒவ்வொரு சாட்சியும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பேசட்டும். பெட்டிக்ரூவின் பக்கம் பேசும் குழுவுக்கு அடினைன்–தைமின் மறுப்பையும் கொடுங்கள். தோற்கும் பக்கத்திலும் நல்ல வாதம் இருக்கும் என்பது புரிய வேண்டும்.

அமைப்பு ஒத்த உறுப்பு, செயல் ஒத்த உறுப்பு என்ற பாடத்துக்கும் வௌவால் உதவும். வௌவாலின் சிறகை மனிதனின் கையோடு ஒப்பிட்டால் அமைப்பு ஒத்தது. பூச்சியின் சிறகோடு ஒப்பிட்டால் செயல் ஒத்தது. ஒரே உறுப்பு, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டும் ஆகும். மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். தேர்வுக்கு முன் ஒருமுறை இப்படிக் காட்டிவிட்டால் பிறகு மறக்க மாட்டார்கள்.

நம் மாநிலத்துச் செய்தி ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1948-இல் தேனி மாவட்ட மேகமலைப் பகுதியில் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழ வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுத்தார். சாதாரணமாகக் காணப்படும் குட்டைமூக்குப் பழ வௌவால் என்ற பெயரில் அது அங்கே இருந்தது. 1972-இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதன் பற்களையும் பிற பண்புகளையும் உற்றுப் பார்த்து, அது தனிப் பேரினம் என்று அறிவித்தார். இன்று அது சலீம் அலி பழ வௌவால். இரண்டு கிராம் வௌவாலுக்கு வழங்கும் பெயரும் இந்தக் கிட்டியின் பெயர்தான். ஒரு பார்வையில் ஒட்டிய பெயர்ச்சீட்டு 24 ஆண்டு கழித்து மாறியது.

ஓர் எச்சரிக்கை. வௌவால்களை மரத்தடியிலிருந்து விலகி நின்று பார்க்கச் சொல்லுங்கள். கீழே விழுந்த வௌவாலையோ, அது கடித்துப் போட்ட பழத்தையோ தொடவிடக் கூடாது. நோய்க்கிருமிகள் பரவக்கூடும். அதேசமயம், பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வதும், விதைகளைத் தூரம் கொண்டுபோய்ப் போடுவதும் இந்த வாவல்கள்தான் என்பதையும் சொல்லி, கல்லெறியக் கூடாது என்பதைப் புரியவையுங்கள்.

அந்த மாணவிக்குச் சொன்னது

படித்து முடித்தபின் அவள் வீட்டு எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "நான் சொன்னதுதாம்மா தப்பு. நான் படிச்சப்போ அப்படி ஒரு கருத்து இருந்துச்சு. அதுக்கப்புறம் மாறிடுச்சு. நான் பார்க்கல" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ எப்போ மாறுச்சு டீச்சர்? எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள். போட்டியில் தோற்றதைப் பற்றி அவள் பேசவேயில்லை. அரைமணி நேரம் பேசினோம்.

அதன்பிறகு வௌவால் பாடத்தை நான் வேறுமாதிரி நடத்துகிறேன். விடையை மட்டும் சொல்வதில்லை. 1758-இல் என்ன சொன்னார்கள், 1986-இல் என்ன சொன்னார்கள், 2001-இல் என்ன ஆயிற்று என்று ஆண்டுகளோடு சொல்கிறேன். 'இந்த நடுவிலே உங்க டீச்சரும் தப்பாச் சொல்லிக்கிட்டிருந்தேன்' என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளைகள் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நாம் கல்லூரியில் படித்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அன்று உறுதியாகத் தெரிந்தவற்றில் சில இன்று மாறியிருக்கும். இந்தக் கோடை விடுமுறையில், ஆண்டுதோறும் நாம் சொல்லிவரும் சுவையான செய்தி ஒன்றை மட்டும் எடுத்து, அது இன்னும் நிற்கிறதா என்று தேடிப் பார்ப்போம். நின்றால் மகிழ்ச்சி. நிற்காவிட்டால், சூன் மாதத்தில் வகுப்பில் சொல்ல நமக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும்.